பொட்டு வைத்த பிளக்குகள்

என்னை எந்தக் கம்பெனியும் பயிற்சிக்கு அனுப்பவில்லை. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம் ஐந்தாவது வரை படித்தேன். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன். ஆனாலும் மைசூரில் எந்தப் பழைய ஆபீசுக்கு வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து ஒயரை மாற்றிச் சொருகி ஒரு போர்டைக்கூட எரிக்காத மெக்கானிக் யார் என்று கேளுங்கள். என்னைத்தான் சொல்வார்கள். சொல்லவில்லை என்றால் அந்த ஆபீசில் ஆள் மாறிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அநேகமாக எல்லா ஆபீசிலும் ஆள் மாறிவிட்டது. மெஷினும் மாறிவிட்டது. வாடகைக்கு எடுக்கிறார்கள். கெட்டுப்போனால் வாடகை விட்டவனின் ஆளே வந்து பார்க்கிறான்.

போர்டு எப்படி எரிகிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. மெஷினுக்குள் மோட்டார் சுற்றுவதற்கு இருபத்துநாலு வோல்ட் ஓடும். யோசிக்கிற வேலையைச் செய்யும் மெயின் போர்டுக்கு ஐந்து வோல்ட்தான் தாங்கும். இரண்டும் ஒரே பவர் போர்டிலிருந்து கிளம்புகின்றன. சில பழைய மாடல்களில் இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே வெள்ளை பிளக். இடம் மாற்றிச் சொருகினால் தடுக்காது, முறைக்காது, சுகமாக உள்ளே போய் உட்காரும். சுவிட்சைப் போட்டதும் சட்டியில் கடுகு கருகின மாதிரி ஒரு வாசனை வரும். அவ்வளவுதான். பழைய மெஷினுக்கு அந்தப் போர்டு எங்கே தேடினாலும் கிடைக்காது. முழு மெஷினும் பழைய இரும்புக்குப் போகவேண்டியதுதான்.

இப்போது வருகிறவர்கள் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒயருக்கு மேல் ஒயர் கிடக்கும் இடத்தில் அடியில் கிடப்பது எங்கே போகிறது என்று படம் சொல்லுமா? பிளக் பக்கத்தில் அச்சடித்திருக்கும் இங்கிலீஷ் எழுத்து எறும்பைவிடச் சின்னது. எனக்கு அது எந்தக் காலத்திலும் உதவியதில்லை. நான் பொட்டு வைப்பேன். மோட்டார் பிளக்குக்குக் குங்குமம், அது சொருகுகிற இடத்துக்கும் குங்குமம். மெயின் போர்டு பிளக்குக்கு மஞ்சள். ஃபேன் பிளக்குக்கு விபூதி. துளி எண்ணெயில் குழைத்து, தீக்குச்சி முனையால், பிளாஸ்டிக்கின் மேல் மட்டும் வைக்கவேண்டும், உள்ளே இருக்கும் உலோகப் பின்னில் படக்கூடாது. திரும்ப மாட்டும்போது சிவப்போடு சிவப்பு, மஞ்சளோடு மஞ்சள். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். இந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் தடவை மனைவியின் குங்குமச் சிமிழைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். திட்டு வாங்கினேன். அடுத்த வாரம் அவளே தனியாக ஒரு சிமிழ் வாங்கி என் பையில் போட்டாள். இப்போது அவள் இல்லை. தீர்ந்தால் நானே கடையில் வாங்கி நிரப்பிக்கொள்கிறேன்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் பேரப்பிள்ளைகள் முகத்தைக் காட்டி, "தாத்தா, ஊட்ட ஆய்தா?" என்று கன்னடத்தில் கேட்பார்கள். சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறார்கள். "ஆய்து" என்பேன். பேச்சு முடிந்துவிடும். வீட்டில் நான் தமிழில் வாய் திறப்பது குக்கரோடுதான்.

மிச்சமிருந்த ஒரே தமிழ் சாமராஜபுரத்தில், ஒரு ஆடிட்டர் ஆபீஸ் மாடியில் இருந்தது. அந்த ஆபீசை நடத்துவது ஒரு அம்மா. ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார், மற்றதெல்லாம் அவர்தான். மேல்கோட்டைக் குடும்பம். வீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் பழைய தமிழ் அவருடையது. என்னுடையது காவேரிக் காட்டோரத் தமிழ். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சிரிப்புத்தான் வரும்.

"உங்க தமிழ்ல மிளகாத்தூள் ஜாஸ்தி மெக்கானிக்" என்பார்.

"உங்குளுதுல நெய் ஜாஸ்திங்கம்மா. வழுக்கி உளுந்துருவேன்" என்பேன்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்காகவே அந்த ஆபீஸ் மெஷினில் எப்போது பேப்பர் சிக்கும் என்று காத்திருந்தேன்.

போன தசராவில் அந்த மெஷின் ஒரேயடியாக நின்றுவிட்டது. கணக்கு ஒப்படைக்கும் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போய்த் திறந்தேன். பவர் போர்டில் கெப்பாசிட்டர் உப்பிக் கிடந்தது. வழக்கம்போலப் பொட்டுகளை வைத்துவிட்டுப் போர்டைக் கழற்றினேன். வீட்டுக்கு எடுத்துப்போய் மாற்றி, மறுநாள் கொண்டுவருவதாகச் சொன்னேன். கிளம்பும்போது ஆடிட்டர் வாசலில் நிறுத்தினார்.

"யஜமான்ரே, ஹப்ப முகித மேலே பாடிகெ மெஷின் பருத்தெ. நாளெ இது நடெத்ரே இதே இர்லி."

பெரியவரே, பண்டிகை முடிந்ததும் வாடகை மெஷின் வருகிறது, நாளைக்கு இது ஓடினால் இதுவே இருக்கட்டும் என்றார். நல்ல மனிதர்தான், கோபமில்லாமல் சொன்னார். ஆனால் வாடகை மெஷின் வந்தால் அதோடு அவன் ஆளும் வருவான். எனக்கு அந்த மாடிப்படி ஏறக் காரணமே இருக்காது.

மறுநாள் சரிசெய்த போர்டோடு போனேன். ஊதுபத்திப் புகை படிக்கட்டிலேயே வந்தது. பூஜை முடிந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு மாலை, ஸ்டேப்ளருக்குப் பொட்டு, தண்ணீர் கேனுக்குக்கூடச் சந்தனம். என் மெஷின் மேல் ஒரு சாமந்திச் சரமும் எலுமிச்சம்பழமும் இருந்தன. நான் திறந்து வைத்துவிட்டுப் போன பின்பக்கம் குனிந்து பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த மூன்று பிளக்கிலும் குங்குமம். வட்டமாக, அழகாக, மூன்றும் ஒரே மாதிரி.

"இதுக்கெல்லாம் யாருங்கம்மா பொட்டு வெச்சது?"

"நான்தான். நீங்கதான் ஆரம்பிச்சுப் பாதியில விட்டுட்டுப் போயிருந்தேளே. ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம இருக்கலாமோ? ஒரே எண்ணெய்ப் பிசுக்கு வேற. ஈரத் துணியால நன்னா துடைச்சுட்டு எல்லாத்துக்கும் வச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுத்துக்குப் பட்டை போட்டிருந்தேளே! நாமம் போட்டவா பூஜை பண்றச்சே மெஷினுக்கு விபூதியா? அதை முதல்ல துடைச்சேன்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கையிலிருந்த போர்டில் நான் வைத்த பொட்டுகள் மூன்று நிறத்தில் அப்படியே இருந்தன. அவற்றுக்கு ஜோடி இல்லை.

நீங்கள் துடைத்தது என் அடையாளத்தை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்பார். அடுத்த தடவையும் கேட்பார். அப்புறம் மிளகாய்த்தூளும் இருக்காது, நெய்யும் இருக்காது, மரியாதை மட்டும் இருக்கும். மரியாதை எனக்கு வெளியே வேண்டிய மட்டும் கிடைக்கிறது.

"நல்ல காரியம் பண்ணுனீங்கம்மா. நானு மறந்தாப்புல போயிட்டனுங்க" என்றேன்.

பையைப் பிரித்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார். "இன்னிக்குத் தொடலாமோ? பூஜையில வச்சதை நாளைக்குத்தானே எடுக்கணும்?"

"ஒடம்பு செரியில்லாம படுத்துருக்குதுங்கம்மா. ஆசுபத்திரியில பண்டிகைன்னு ஊசி போடாமயா உடுவாங்க?"

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் பிளக்குகளை உலரவைத்தேன். ஈரத்துணி பட்டிருக்கிறது, பின்னில் சொட்டுத் தண்ணீர் நின்றாலும் வம்பு. குங்குமப் பொடி உள்ளே போயிருக்கிறதா என்று பல் துலக்கும் பிரஷால் தட்டித் தட்டிப் பார்த்தேன். பிறகு பவர் போர்டை மெஷினில் மாட்டாமல், மேஜைமேல் அட்டையைப் போட்டு அதன்மேல் தனியாக வைத்து, கரண்ட் கொடுத்து, பிளக் சொருகும் ஒவ்வொரு வாயையும் மீட்டரால் அளந்தேன். இருபத்துநாலு வரவேண்டிய இடத்தில் இருபத்துநாலு, ஐந்து வரவேண்டிய இடத்தில் ஐந்து. பாதிப் பேர் இதைச் செய்யமாட்டார்கள். சரிசெய்த போர்டை நேராக மெஷினில் சொருகிவிட்டுச் சாமி கும்பிடுவார்கள். அளந்து முடித்ததும் கரண்டைப் பிடுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கெப்பாசிட்டருக்குள் நிற்கும் கரண்ட் வடிய வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் கையையும் கடிக்கும், பக்கத்துப் பாகத்தையும் கடிக்கும்.

இனிப் பிளக்குகள். ஒயரின் நிறத்தை நம்ப முடியாது. நான் வருவதற்கு முன்னால் யாரோ பாதி ஒயரை மாற்றியிருந்தார்கள். கிளம்பும் இடம் தெரியாவிட்டால் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கவேண்டும். ஒரு பிளக்கைப் பிடித்து, அதன் ஒயர்க் கட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெருடிக்கொண்டே உள்ளே போனேன். தகட்டின் ஓரம் விரலைக் கீறியது. நடுவில் ஓரிடத்தில் மற்ற ஒயர்களும் வந்து சேரும், அங்கே நின்று, இழுக்காமல் லேசாக அசைத்து, எதிர்ப்பக்கம் எது அசைகிறது என்று பார்க்கவேண்டும். ஒயரை இழுத்தால் பிளக்குக்குள் பின் கழன்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் மீட்டரின் ஒரு முனையையும், பிளக்கில் மறு முனையையும் வைத்தேன். பீப் என்றது. மோட்டார். அடுத்தது ஃபேன். மிச்சமிருப்பது மெயின் போர்டாகத்தான் இருக்கவேண்டும். அப்படி மிச்சத்தை நம்பித்தான் பல பேர் கெட்டார்கள். அதையும் கடைசிவரை நெருடிக்கொண்டு போய்ப் பீப் கேட்ட பிறகுதான் விட்டேன்.

"மந்திரம் சொல்றாப்பல வாய் அசையறதே. என்ன சொல்றேள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒயரு எங்க போகுதுன்னு சொல்லிக்கறனுங்க. வாயில சொன்னாத்தான் மனசு வேற பக்கம் போவாது."

"சத்தமாச் சொல்லுங்கோ. நானும் கேக்கறேன்."

சத்தமாகச் சொன்னேன். எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது. மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் சொல்ல, அவர் அவ்வப்போது "ம்" கொட்டினார். நான் அவ்வளவு தமிழ் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மோட்டாரையும் ஃபேனையும் மட்டும் மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். வாசனை இல்லை. அணைத்து, வடியவிட்டு, மெயின் போர்டு பிளக்கையும் சொருகினேன். மூக்கைத் தீட்டிக்கொண்டு சுவிட்சில் விரலை வைத்தேன். போட்டேன். விளக்கு எரிந்தது, உருளைகள் முனகின, முதல் தாள் வெளியே வந்து விழுந்தது. ஆடிட்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஷபாஷ் யஜமான்ரே!" என்றார். வாடகைக்காரனுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

மூடுவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்தேன். பேப்பரை இழுக்கும் ரப்பர் உருளை தேய்ந்திருந்தது. அப்படியே விட்டால் தீபாவளி வாக்கில் பேப்பர் சிக்கும். என்னைக் கூப்பிடுவார்கள். யாரும் அதைக் குறை சொல்லியிருக்க முடியாது, நான் வந்தது பவர் போர்டுக்காகத்தான். புது உருளை பையில் இருந்தது. பையின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாற்றிவிட்டேன். நான் கை வைத்த மெஷின் அரைகுறையாக ஓடுவதை என்னால் பொறுக்க முடியாது. அது என் பெருமை. அதை விட்டால் என்னிடம் வேறென்ன இருக்கிறது?

தீபாவளி போனது. பொங்கலும் போனது. போன் வரவில்லை. ஒரு நாள் பை இல்லாமல் அந்த மாடிப்படி ஏறினேன். அந்த அம்மா போனில் யாரிடமோ கன்னடத்தில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"யார் கூப்பிட்டா மெக்கானிக்? நன்னா ஓடறதே!"

"இந்தப் பக்கமா வந்தனுங்க. ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு."

"நீங்க கை வச்சதுக்குப் பார்வை என்ன? பாருங்கோ, பாருங்கோ" என்று சிரித்துவிட்டு மறுபடியும் போனுக்குப் போய்விட்டார்.

மெஷின் முன்னால் நின்று ஒரு தாள் ஜெராக்ஸ் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் கோடு இல்லை, நடுவில் புள்ளி இல்லை. எழுத்து கறுப்பாக, அச்சு மாதிரி நின்றது. போன் பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை. இன்னொரு தாள் எடுத்தேன்.