ஆறாம் வகுப்பில் பாடு போட்ட கதை

பாடம் நடத்துவதுதான் வாத்தியார் வேலையிலேயே சின்ன வேலை என்பது அந்த வேலைக்குப் போய் மாட்டிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஓட்டுப்பெட்டி தூக்கியிருக்கிறோம். வீடு வீடாகப் போய்த் தலை எண்ணியிருக்கிறோம். மாடு எண்ணி முட்டு வாங்கியவர்களும் நம்மில் உண்டு. எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்தபோது, இவை எதிலும் சேராத ஒரு வேலை என் தலையில் வந்து விழுந்தது. பிள்ளைகளின் மனத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

பொறுப்பு வந்த விதம்

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களின் மனக்கவலைகளைக் கேட்டுத் தேற்ற ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டுமாம். அந்த ஊரில் வாழும் பலவகை மக்களின் பழக்கவழக்கங்களைப் போற்றி அவரே ஒரு விழாவும் நடத்த வேண்டுமாம். ஹெட்மாஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவசரமாக ஜன்னலைப் பார்த்தேன். பலனில்லை.

நான் தருமபுரிப் பக்கத்துக்காரி. தண்ணீரைக் குடத்தில் பார்த்து வளர்ந்தவள். பொன்னேரியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போவேன். காலடியில் எப்போதும் யாராவது கருவாட்டுக் கூடையை வைத்துவிடுவார்கள். அந்த நெடி பழக்கமில்லாததால் கண்ணில் தண்ணீர் கொட்டும். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு ஹெட்மாஸ்டரிடம் என்னவோ சொல்லியிருக்கிறார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது சார்” என்றேன். அவர் மிகுந்த பரிவோடு சொன்னார்: “நீங்க தெனம் பஸ்ல அழுதுக்கினே வர்றீங்களாமே டீச்சர், கஷ்டம்னா இன்னான்னு உங்களவிட யாருக்குத் தெரியும்?”

வெள்ளிக்கிழமை வரிசை

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கவலை உள்ளவர்கள் என்னிடம் வரலாம் என்று அறிவித்தேன். நாலு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். அந்த பீரியட் வெயிலில் டிரில் என்பதை மறந்துபோனேன். வரிசை வாசல் தாண்டிக் குழாயடி வரை நின்றது. ஒருவனுக்குப் பக்கத்துப் பையன் மசால்வடையைத் தனியாகத் தின்கிறான் என்று கவலை. டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள் ஜுலைகாவுக்கு வேறு மாதிரி. அவள் நன்றாகப் படிக்கிறாள் என்று வாப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம், இனிமேல் படித்தே தீர வேண்டுமாம்.

வரிசையை ஒழுங்குபடுத்தியது கன்னியம்மா. லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண், ஆறாம் வகுப்பு லீடர். லீடர் என்பது பெயருக்குத்தான், உண்மையில் நாட்டாமை. தனக்கு ஒரு கவலையும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். எல்லோரும் போன பிறகு மெதுவாக என் மேஜையருகே வந்து, காற்று அடித்தால் மட்டும் தூக்கம் வருவதில்லை என்றாள். பூ, இவ்வளவுதானா என்று எனக்கு உற்சாகம். கதவை நன்றாகச் சாத்தித் தாழ்போட்டுக்கொண்டு போர்த்திப் படு, காற்று உள்ளே வராது என்று தைரியம் சொன்னேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “காத்து உள்ள வந்தா வந்துட்டுப் போவட்டும் டீச்சர், எங்க நைனாதான் வெளிய கீறாரு, கடல்ல.”

நானும் சிரித்தேன்

ரமணம்மா ஏரியின் வடகரையிலுள்ள ஒரு தெலுங்குக் குப்பத்திலிருந்து வந்தவள். அம்மா இறந்துபோனதால் இந்தக் கரையிலிருந்த சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் வகுப்பு டீச்சர் என்ற முறையில் அவளை எழுப்பித் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தெலுங்கு போல இழுத்து ஆட்டி முடித்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. கணக்கு டீச்சர் எண்ணிக்கையில் பொய் சொல்லக்கூடாது. சிரித்தவர்கள் முப்பத்தெட்டு பேர், முப்பத்தெட்டாவது ஆள் நான்.

அன்றைக்கு மூடிய வாயை அவள் திறக்கவே இல்லை. கணக்கு போடுவாள், எழுதுவாள், ஆஜருக்குத் தலையாட்டுவாள். இரண்டு மாதமாகப் பேச்சு மட்டும் கிடையாது. பிள்ளைகளின் மனத்தைத் தேற்ற வந்த மகராசி ஒரு பிள்ளையின் வாயைப் பூட்டிவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெப்பர்மிண்ட் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு பொன்னேரி மார்க்கெட்டில் காய்கறி விற்கும் தெலுங்கு அம்மாவிடம் நாலு வாக்கியம் கற்றுக்கொண்டு வந்து, வகுப்பில் அவள் முன்னால் நின்று ஒப்பித்தேன். ரமணம்மா திடுக்கிட்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

பக்கத்திலிருந்த ஜுலைகாதான் எனக்கு ஆறுதல் சொன்னாள்: “அவசரப்படாதீங்க டீச்சர், நீங்க பேசுன தெலுங்க அவ மறக்கறதுக்கே ஒரு மாசம் ஆவும்.”

சின்னம்மா வந்தாள்

ஒருநாள் காலை ரமணம்மாவின் சின்னம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். இறால் ஷெட்டில் தலை கிள்ளும் வேலை அவளுக்கு. கெட்டவள் இல்லை. அக்காள் மகளுக்குத் தலை பின்னிப் பூ வைத்துத்தான் அனுப்புவாள். ஆனால் அவளுக்கும் பொறுமை தீர்ந்துவிட்டது. “வூட்ல என்னாண்ட நல்லாத்தான் பேசுது, இங்க வந்தா ஊமையாப் பூடுது. எதுக்கு இங்க வெச்சி வதைக்கணும்? உங்க விழா முடியட்டும், அன்னிக்கே இட்டுக்கினு போயி ஷெட்டுல சேத்துடறேன்” என்றாள்.

படிக்கிற பிள்ளையை நிறுத்தாதே, கணக்கில் அவள்தான் முதல் என்று எவ்வளவோ கெஞ்சினேன். அவள் என் மேஜை மேலிருந்த ரமணம்மாவின் நோட்டைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் சரி என்று நான் போட்ட சிவப்புக் குறிகள். நோட்டை மூடி என்னிடமே கொடுத்தாள்.

“வாயத் தொறக்காத புள்ளைக்கு இஸ்கூலு இன்னாத்துக்கு டீச்சர்? எறா கிள்ளக் கைதான் வோணும், வாய் வாணாம்.”

வேஷம்

இதற்கிடையில் ஹெட்மாஸ்டருக்கு விழா ஜுரம் ஏறிவிட்டது. பலவகை மக்கள் என்றால் பலவகை உடை இருக்க வேண்டுமாம். குப்பத்துப் பிள்ளைகள் மீனவர் வேஷத்திலும், டவுன் பிள்ளைகள் முஸ்லிம் வேஷத்திலும், ரமணம்மா ஆந்திரா வேஷத்திலும் மேடையேற வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் அதை வகுப்பில் படித்தேன்.

படித்து முடித்ததும் வகுப்பு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. முஸ்லிம் வேஷம் எப்படி இருக்கும், தனக்குத் தெரியாதே என்று ஜுலைகா கவலைப்பட்டாள். எழுபது பங்கு அழுக்கும் முப்பது பங்கு வெள்ளையுமாக இருந்த தன் யூனிஃபாரத்தை இழுத்துக் காட்டிக் கன்னியம்மா கேட்டாள்: “வேஷம் போட்டுக்கினுதானே டீச்சர் தெனம் இங்க வர்றோம், அது மேல இன்னொண்ணு வேறயா?”

பாடு

வரவேற்புரைக்கு ஜுலைகாவைத் தேர்ந்தெடுத்து, எழுதியும் கொடுத்துவிட்டேன். வகுப்பில் ஒரே முணுமுணுப்பு. “யாரக் கேட்டு டீச்சர் அவளுக்குக் குட்த்தீங்க?” என்று கன்னியம்மா எழுந்தாள். நன்றாக வாசிக்கிறவளுக்குத்தானே கொடுக்க முடியும் என்றேன். அது செல்லாது என்றாள். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் கூடிக் குலுக்கிப்போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கெட்டிக்காரன், பணக்காரன் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஒருவர் பாட்டில் இன்னொருவர் இறங்கவும் கூடாது. அதே போல வரவேற்புரைக்கும் பாடு போட வேண்டும் என்றார்கள். ஜுலைகா தாளை என்னிடம் நீட்டி, அதுதான் நியாயம் என்றுவிட்டாள்.

சாக்பீஸ் டப்பாவில் சீட்டுகள் விழுந்தன. ரமணம்மாவின் ஊருக்கு இந்தப் பக்கம் ஏரியில் பாடு கிடையாதே என்று ஒருவன் இழுத்தான். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் நானும் ஆமாம் போட்டேன். “ஏரி வேற, இஸ்கூலு வேற. அட்டெண்டன்ஸ்ல பேர் இருந்தா பாடு உண்டு” என்று கன்னியம்மா தீர்ப்புச் சொல்லிச் சீட்டை எழுதிப் போட்டாள். டப்பாவைக் குலுக்கி நான் ஒன்றை எடுத்தேன். ரமணம்மா.

ஊர் முன்னால் இன்னொரு தரம் அவள் வாயடைத்து நின்றால் அதோடு படிப்பு போச்சு. ஒன்றும் நடக்காதது போல இன்னொரு சீட்டுக்காக டப்பாவுக்குள் கையை விட்டேன். வகுப்பே எழுந்து நின்றது. கன்னியம்மா கோபப்படக்கூட இல்லை. “பாட்ட மாத்துனா ஊரு ரெண்டாப் பூடும் டீச்சர். கைய எடுங்க.”

மௌனம்

விழா அன்று பெஞ்சுகளைச் சேர்த்து மேடை. வாடகை மைக். வேஷத்தை நான் எப்படியோ தட்டிக்கழித்திருந்தேன். முன்வரிசையில் ஜீப்பில் வந்த மேலதிகாரி, அவர் பக்கத்தில் ஹெட்மாஸ்டர். பின்னால் பெற்றோர்கள். அங்கே சின்னம்மாவும் இருந்தாள், ஷெட்டுக்கு நேராகப் போவதற்காகக் கையில் தூக்குச்சட்டியோடு. ரமணம்மா மேடையேறி மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். நான் ஜுலைகாவிடம் ஓடி, நீ போய்ச் சொல்லிவிடு என்றேன். “அவ பாட்டுல நான் எறங்கமாட்டேன் டீச்சர்.” அடுத்த பிள்ளையைக் கேட்டேன். அதற்கடுத்த பிள்ளையையும் கேட்டேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கன்னியம்மா கையைக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க ஆனாலும் சரி என்பது போல உட்கார்ந்திருந்தாள். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு இருமல் இல்லை. ஹெட்மாஸ்டர் பிரம்பை வைத்துக்கொண்டு அத்தனை வருடம் கேட்டும் கிடைக்காத அமைதி அது.

அந்த அமைதியை மேலதிகாரி வேறு மாதிரி புரிந்துகொண்டார். யாருக்கோ மௌன அஞ்சலி என்று நினைத்து, மெதுவாக எழுந்து தலையைக் குனிந்து நின்றார். அவர் எழுந்ததும் ஹெட்மாஸ்டர் எழுந்தார். ஹெட்மாஸ்டரைப் பார்த்து ஊரே எழுந்தது. தனக்கு முன்னால் எல்லோரும் தலை குனிந்து நிற்பதை ரமணம்மா பார்த்தாள். கிளம்பப் போகிறார்கள் என்று பயந்துவிட்டாள் போல. மைக்கில் சத்தமாக, “ஒக்காருங்க சார். என் பாடு இன்னும் முடியல” என்றாள்.

மேலதிகாரி பட்டென்று உட்கார்ந்தார். “அந்தரிகீ நமஸ்காரம்” என்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லித் தொடங்கினாள் ரமணம்மா. பாதி தெலுங்கு, பாதி தமிழ், எல்லாவற்றிலும் அதே இழுப்பு. வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே மேலே போனாள். எனக்கு அழுகை முட்டியது. இந்தத் தடவை கருவாட்டின் மேல் பழி போட முடியவில்லை. வரவேற்புரை முடிந்த பிறகும் அவள் இறங்கவில்லை. தன் ஊர், அம்மா, அம்மா வைத்த நண்டுக் குழம்பு, எனக்குத் தெரியாமல் கன்னியம்மா அவளை அடித்தது, நான் பேசிய தெலுங்கு என்று இரண்டு மாதப் பாக்கியையும் கொட்டித் தீர்த்தாள். கடைசியில் ஹெட்மாஸ்டர் மணியடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். போச்சு, கூட்டிக்கொண்டு போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். தூக்குச்சட்டியைத் திறந்து, அதிலிருந்த சோற்றை ரமணம்மாவின் மதியச் சாப்பாட்டுத் தட்டில் பாதி போட்டுவிட்டுச் சொன்னாள்: “இவ்ளோ பேசறது ஷெட்டுக்கு வந்தா அங்க ஒருத்தி வேலை செய்யமாட்டா டீச்சர், நீங்களே வெச்சுக்குங்க.”

பிள்ளைகளின் மனத்துக்குப் பொறுப்பாளியாக இருந்த காலத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அன்றைக்கு ரமணம்மாவின் இடத்தில் வேறு யாரையும் மேடையேற்றாமல் இருந்ததுதான், அதையும்கூட ஏறச் சொல்லி நான் கெஞ்சிய ஒரு பிள்ளையும் சம்மதிக்காததால்தான் செய்ய முடிந்தது.