ஷெட்லியின் கையில் மைக்

தூனிசியாவின் துறைமுக நகரமான பிசெர்தாவில் நெஜிபைத் தெரியாதவர்கள் இருக்கலாம். எங்கள் திரைப்படச் சங்கத்தில் அப்படி யாரும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். சனிக்கிழமை மாலைகளில் தம்பி ஷெட்லியை அழைத்துக்கொண்டு வருவார். ஷெட்லிக்கு ஆட்டிசம்; வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இருக்கையில் உட்காரமாட்டான். படம் முடியும்வரை இடதுபக்கச் சுவரையொட்டி நடந்துகொண்டே இருப்பான். வாரத்தில் அவன் வீட்டைவிட்டு வெளியே வருவது அந்த மாலை மட்டும்தான்.

அந்த வாரம் வந்தது ஓர் அண்ணன், தம்பியைப் பற்றிய படம். தம்பிக்கு ஆட்டிசம். தலைநகர் தூனிஸின் பத்திரிகைகள் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. வானொலி விமர்சகர் ரவ்தா, பார்த்தவர்கள் பழைய ஆட்களாக வீடு திரும்பமாட்டார்கள் என்றார். அவரும் இயக்குநரும் எங்கள் அரங்குக்கு வருவதாக ஏற்பாடு. சங்கத் தலைவர் ஹாத்தெம் நெஜிபின் கடைக்கே போய்விட்டார்.

"இந்த ஒரு வாரம் தம்பிய வீட்ல விட்டுட்டு வாயேன்பா."

"அவன மாதிரி ஆளப் பத்தின படம்தானே அண்ணே?"

"அதான் பயமா இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா கமிட்டி சும்மா விடாது. அப்புறம் எந்த வாரமும் கூட்டிட்டு வர முடியாது, பாத்துக்க."

நெஜிப் கூட்டிக்கொண்டுதான் வந்தார். படம் ஓட ஓட அரங்கமே அழுது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் திரையைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தார். நகத்தைக் கடித்தார், எழுந்தார், உட்கார்ந்தார்.

படம் முடிந்ததும் விவாதம். பேச விரும்புகிறவர்கள் இடதுபக்கச் சுவரோரம் வரிசையில் நிற்பார்கள். மைக் கைமாறிக்கொண்டே போகும். இயக்குநரைக் கிழித்துத் தொங்கவிட்டாலும் இடையில் யாரும் பிடுங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முதலில் ஓர் ஆசிரியை புகழ்ந்தார். அடுத்து வந்த மாணவன், "படத்துல வர்ற தம்பிக்கெல்லாம் கணக்கு பிரமாதமா வருது. எங்க தெருவுல ஒருத்தன் இருக்கான், அவனுக்கு வரல," என்றான். சிரிப்பு அடங்குமுன் திரும்பிப் பார்க்காமலே மைக்கைப் பின்னால் நீட்டினான். அந்த நேரம் நடந்துவந்த ஷெட்லி அதை வாங்கிக்கொண்டான்.

மூச்சுவிட்டான். எல்லா ஒலிபெருக்கியிலும் அவன் மூச்சு கேட்டது. அது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு ஒரே சுரத்தில் நீளமாக முனகினான்.

"யாராவது அத வாங்குங்களேன். பேச்சு கெட்டுப்போகுது," என்றார் ரவ்தா.

ஹாத்தெம் எழுந்தார். நெஜிப் வழியை மறித்து நின்றார்.

"வரிசைல நின்னான், முறை வந்திருக்கு. போன மாசம் நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்களே, யாராவது பிடுங்கினாங்களா அண்ணே?"

"நாங்க தூங்கிட்டோம்," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹாத்தெம் உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முனகி முடித்ததும் ஷெட்லி மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினான்.

வாசலில் ஹாத்தெம் நெஜிபைப் பிடித்தார். "கமிட்டிகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

ஷெட்லி அதற்குள் துறைமுகப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தான்.

"அவன் பேச்சு பிடிக்கலன்னு சொல்லுங்க. அதுக்காக இங்க யாரையும் வர வேண்டாம்னு சொன்னது இல்லையே," என்றபடியே நெஜிப் ஓடினார்.

ஹாத்தெம் அவர் பின்னால் நாலு எட்டு வைத்தார். பிறகு கத்தினார்: "அடுத்த சனிக்கிழமை வர்றப்ப அவன் கையப் பிடிச்சுக்கிட்டு வாடா, ரோட்ல வண்டி வருது."