என் பெயரில் இல்லாத 'த்'

துறைமுகச் சாலையில் உப்பு லாரி இடித்து எங்கள் வாடகைக் கார் பட்டறையில் நின்றது. கார் என் பெயரில், ஓட்டுவது மகன். எங்கள் பிழைப்பே அதுதான். தவணை ஒன்றும் பாக்கியில்லை. ஆனாலும் கடன் கொடுத்த கம்பெனி காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மகனோடு போய்க் கேட்டேன். மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். "காரை எடுத்துக்கோங்கன்னு நீங்கதான ஆச்சி கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். விரல் வைத்து வாசித்தேன்: 'அன்னத்தாய்'.

"ஏலே, இது என் கையெழுத்தே இல்லலே!" என்று மகனிடம் கத்தினேன். என் பெயரில் நான் 'த்' போடவே மாட்டேன். மருமகள் திருத்தும்போதெல்லாம் சண்டைக்குப் போயிருக்கிறேன். "கடன் பத்திரத்த எடுத்துப் பாருங்க தம்பி!"

அதில் எல்லாத் தாளிலும் 'அன்னதாய்'. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது.

மறுவாரம் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கார் கிடைத்ததற்கான ரசீதில், சந்தோஷத்தில் 'த்' சேர்த்தே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மேனேஜர் பதறினார். "ஐயோ ஆச்சி, பழையபடி தப்பாவே போடுங்க!"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் நிதானமாக அந்தக் கையெழுத்தை அடித்துவிட்டு, என் பெயரை என் வழக்கப்படி எழுதினேன்.

மருமகள் சொன்னதுதான் சரி என்று எனக்கு எப்போதோ தெரியும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.