பத்தும் தப்பு

எழுபதுகளில் நடந்தது இது. இண்டூரில் வரப்புத் தகராறில் என் தம்பியை வெட்டிக் கொன்றவர் என் புருஷன். போலீஸ் பிடித்ததும், ஞாபகமே போனவர் மாதிரி முழித்தார். சோதிக்கக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர் நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஒரு கையில புளியங்கொட்டையைக் காட்டி, ரெண்டு கையையும் மூடிட்டு, எந்தக் கையில இருக்குதுன்னு பத்துத் தடவை கேப்பேன். நெசமா மறந்தவன் குருட்டாம்போக்குல சொன்னாலே பாதி சரியா வரும். பத்தும் தப்புன்னா நடிப்பு."

சோறு கொடுக்கும் சாக்கில் அவர் காதில் சொன்னேன்: "டாக்டர் எது கேட்டாலும் தப்பாவே சொல்லுங்க. அப்பத்தான் நம்புவாங்க."

பத்தும் தப்பு. நடிப்பென்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஜீப்பில் ஏற்றும்போது, "நீ சொன்னபடிதானே செஞ்சேன்?" என்றார்.

"ஆமாங்க. சரியா செஞ்சீங்க" என்றேன்.

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். என் தம்பிக்கு அது போதும்.