பதினெட்டில் தொடங்கிய எண்ணிக்கை

நாற்பது நொடி ஓடும் அந்தக் காணொளி, ஒரு முதியவர் "பதினெட்டு" என்று சொல்வதில் தொடங்கும். இடம் கோச்சடையில் எங்கள் தெரு முனை. சித்திரை வெயில். முகக்கவசம் தாடையில் தொங்க, வேட்டி நழுவ, வலது கையால் இடது காதைப் பிடித்துக்கொண்டு அவர் தோப்புக்கரணம் போடுகிறார். இடது கை சும்மா தொங்குகிறது. பத்தொன்பது, இருபது என்று மைதானத்தின் மறுமுனைக்கும் கேட்கிற குரலில் எண்ணுகிறார். இருபத்துமூன்றில் உட்கார்ந்தவர் எழுவதில்லை. முதல் ஊரடங்கின்போது இதைப் பார்த்து ஊரே சிரித்தது. ஒரு செய்தித் தொலைக்காட்சி, நகைச்சுவைக் காட்சிக்குரிய இசையைச் சேர்த்து, "காரணமின்றிச் சுற்றிய முதியவருக்கு நூதன தண்டனை" என்று ஒளிபரப்பியது. "பெருசு வீட்லயே பதினேழு போட்டுட்டு வந்திருச்சு போல" என்று யாரோ எழுதிய கேலியோடு, அது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கே நான்கு முறை வந்தது. அந்தக் குழுவின் நிர்வாகி நான்.

அவர் நான் படித்த மிஷன் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வுபெற்ற பிறகும் எல்லாருக்கும் டிரில் மாஸ்டர்தான். அடிக்கிற ஆள். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு உரிமையில்லை. ஏழாம் வகுப்பில், அணிவகுப்பில் சிரித்ததற்காக அவரிடம் கெண்டைக்காலில் பன்னிரண்டு பிரம்படி வாங்கினேன். எட்டாவது அடியில் கால்சட்டையை நனைத்தேன். அடிபடுகிறவனே சத்தமாக எண்ண வேண்டும் என்பது அவருடைய சட்டம். எண்ணிக்கை தப்பினால் மறுபடியும் ஒன்றிலிருந்து. "எத்தன அடின்னு நாலு பேருக்குத் தெரியணும்டா. கணக்குத் தெரியாம அடிக்கிறவன் ரவுடி" என்பார். அந்தத் தழும்பு மறையப் பல வருடங்கள் ஆயின. அவரை நான் மன்னித்தேனா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

நோய் பொய் என்று சொன்னவர் அல்ல அவர். எங்கள் தெருவில் முதலில் முகக்கவசம் போட்டவரே அவர்தான். கட்டுப்பாடுகளின் மேல்தான் அவருக்கு நம்பிக்கையில்லை. திடீரென்று முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், கடைகள் பகல் ஒரு மணி வரைதான் என்பதால் மக்கள் காய்கறிக் கடைகளில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்து என் வீட்டு வாசலில் நின்றார். "ஏன்டா, ஒரு மணி வரைக்கும் கொரோனாவுக்கு லீவா? ஒண்ணேகாலுக்கு மேலதான் அதுக்குக் கண்ணு தெரியுமாக்கும்" என்றார். நான் சிரித்தேன். ஆனால் அதையே குழுவில் யாராவது எழுதியிருந்தால் அடுத்த நிமிடம் நீக்கியிருப்பேன். வதந்தி பரவினால் நிர்வாகியையும் பிடிப்பார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டேகால் மணிக்கு. எதையும் நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு முப்பது வருடங்களாக உண்டு. ஊரடங்கில் கைபேசியில் படமெடுப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. காலித் தெருவை மாடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பால்காரர் தம் மொபெட்டில் இரண்டு கேன்களோடு வந்தார். தடுப்பருகே நின்ற இரண்டு காவலர்களில் இளையவர், எதுவும் கேட்காமல், ஓடுகிற வண்டியிலேயே அவர் முழங்காலில் லத்தியை வீசினார். வண்டி சாய்ந்தது. பால் தாரில் ஓடியது. விழுந்து கிடந்தவரின் முதுகிலும் தொடையிலும் அடி விழுந்தது. "பால்தாண்ணே, பால்தாண்ணே" என்று அவர் கத்தினார்.

மாஸ்டர் தம் வாசற்கதவைத் திறந்து வந்து நடுத்தெருவில் நின்றார். தடுக்கவில்லை, ஏசவில்லை. எண்ணினார். மூன்று. நான்கு. ஐந்து. முதல் இரண்டையும் உள்ளிருந்தே கேட்டிருக்க வேண்டும். ஆறு என்றபோது இளையவர் திரும்பினார். "யாருக்குய்யா எண்ணுற?" ஏழாவது அடி மாஸ்டரின் இடது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மாடிவரை கேட்டது. அவர், "ஏழு" என்றார். இடுப்பில், தொடையில், விழுந்த பிறகு முதுகில். ஒவ்வொன்றுக்கும் குரல் வந்தது. பதினேழு வரை வந்தது. வாயில் ரத்தம். பிறகு மூத்த காவலர் அவரைத் தூக்கி நிறுத்தி, "எண்ணத்தான பிடிக்கும்? தோப்புக்கரணம் போட்டு எண்ணு" என்றார். அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு ஜன்னலில் இன்னொரு கைபேசி முளைத்தது. தப்பவிட்டால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்ற தம் சட்டத்தை மறக்காமல், பதினேழைத் தொடர்ந்து மாஸ்டர் பதினெட்டு என்றார்.

என்னிடம் முதல் அடியிலிருந்து முழுதாக நான்கு நிமிடக் காணொளி இருந்தது. அன்று மாலையே ஒரு சமூக வலைத்தளத்தில் போட்டேன். வன்முறைக் காட்சி என்று சொல்லி இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். இசை சேர்த்த நாற்பது நொடிக்கு அந்தத் தடை இல்லை. மறுநாள் காலை ஒரு அழைப்பு வந்தது. மிகவும் மரியாதையான குரல். "சார், நீங்கதான அட்மின்? மகன் வேற கவர்மெண்ட் வேலைக்குப் பாத்துக்கிட்டு இருக்காராமே. எதுக்கு சார் ஒங்களுக்கு?" அவ்வளவுதான். கைபேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் அழித்தேன். பிறகு, நிர்வாகி மட்டுமே எழுத முடியும் என்று குழுவை மாற்றினேன்.

விளாங்குடியில் மகள் வீட்டில் மாஸ்டர் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். இடுப்பு எலும்பு கூடவில்லை. "முழுசும் ஒன்ட்ட இருக்குல்ல? பேரப்பிள்ளைக அத பாத்துச் சிரிக்கிதுகடா. மொதல்ல இருந்து காட்டணும்" என்றார். அழித்துவிட்டதைச் சொன்னேன்.

"அடிச்சவனுக்கு அது உத்தியோகம். டிவிக்காரனுக்கு அது யாவாரம். நீ எதுக்குடா அழிச்ச?"

"பையனுக்கு வேலை வர்ற நேரம், மாஸ்டர்."

"பயந்துட்டேன்னு சொல்லு."

"பயந்துட்டேன்."

"சத்தமா."

சத்தமாகச் சொன்னேன். அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மகள் கையை நிறுத்தியது கேட்டது. மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த மார்கழியில் இறந்தார். அடக்கத்திற்கு வந்திருந்தவர்களில் இரண்டு பேர், பின்வரிசையில், பதினெட்டு என்று சொல்லிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

ஊரடங்கு முடிந்த பிறகு குழுவில் எல்லாரும் எழுதலாம் என்று மறுபடி திறந்துவிட்டிருந்தேன். போன மாதம் அதில் அந்தக் காணொளியை யாரோ பழைய வேடிக்கை என்று மறுபடியும் போட்டார்கள். நீக்குகிற அதிகாரம் என் விரலில் இருந்தது. நீக்கவில்லை. அதன் கீழேயே, "முதல் பதினேழும் தோப்புக்கரணம் அல்ல, அடி. ஆறு பால்காரருக்கு, பதினொன்று மாஸ்டருக்கு. மாடியிலிருந்து நான் பார்த்தேன், படமெடுத்தேன், பயந்து அழித்தேன்" என்று எழுதினேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் மட்டும் பணிவாகக் கேட்டார்: "ஆதாரம் ஏதும் இருக்கா சார்?"

அவர் கேட்டதில் தவறில்லை. அலமாரியிலிருந்து அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், என் கையெழுத்தில், இவ்வளவுதான் இருந்தது: "பகல் 2.15. தெருமுனையில் லேசான தடியடி. மாலையில் நல்ல காற்று."