லேத் ஓடாத நாள்

"உங்க வீட்ல பள்ளிக்கூடம் போறதே நீதான் முதல்ல. இதுல வயலின் வேறயா?" என்று ஹவுராவில் பக்கத்து வீட்டு அத்தை கேட்டது இன்னும் உறுத்துகிறது.

வயலின் கடையில் தோழி சொன்னாள்: "எலக்ட்ரிக் வயலின் வாங்குடி. ஹெட்போன் போட்டு வாசிச்சா யாருக்கும் கேக்காது."

முடிவெடுக்க முடியாமல் தவித்தேன். வெளியே துளையிடும் இயந்திரம் அலறியதும், என் கை தானாகச் சாதாரண வயலினை எடுத்து வாசித்தது.

சிறுவயதுப் பழக்கம். வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம், இரும்பு கடையும் அப்பாவின் லேத் பட்டறை. லேத் ஓடும்போது மட்டும் வாசிப்பேன்; அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது. கருவிகளுக்கு ஓய்வு தரும் விஸ்வகர்மா பூஜையன்று ஒருமுறை லேத்துக்கு மாலை போட்டு நிறுத்திவிட்டார்கள்.

"ஏம்மா வாசிக்கல?" என்றார் அப்பா.

"எல்லாருக்கும் கேக்குமேப்பா."

"கேக்கட்டுமே."

கடைக்கு வெளியே துளையிடும் இயந்திரம் நின்றது. நான் நிறுத்தவில்லை.

அந்த வயலினையே வாங்கி வீடு திரும்பியதும், பௌதி என்று நான் கூப்பிடும் எதிர்வீட்டு அண்ணியின் கதவைத் தட்டி, தினமும் சாயங்காலம் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.