பித்தளை ஏழு

வெர்லின் ஸ்டௌட் பார்சலைப் பிரிப்பதற்கு முன் எங்கள் கடையின் பின்பக்கக் குழாயில் கை கழுவுவார். கழுவிய கையைத் துண்டில் துடைக்க மாட்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, ஈரம் காயும் வரை சும்மா நிற்பார். இருபத்தாறு வருஷம் இதைப் பார்த்தேன். அதே கடையில் அவர் சாண்ட்விச் சாப்பிட்டும் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் கை கழுவியதில்லை.

ஆஷ்ரன் ஊரில் ஓர்வில் டட்டிலின் இரும்புக் கடை ஒன்றுதான். முன்பக்கம் ஆணி, பெயிண்ட், தோட்ட விதை. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள். வேறு மாநிலத்திலிருந்து யார் துப்பாக்கி வாங்கினாலும் அது உரிமம் உள்ள கடைக்குத்தான் வந்து சேர வேண்டும். வந்ததை ஏட்டில் எழுதி, வாங்குபவரிடம் படிவத்தை நிரப்பி வாங்கி, போன் போட்டு அனுமதி கேட்பது என் வேலை. நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். ஆட்கள் அதிகம் வராத மூலை என்பதால் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

வெர்லின் கண்ணாடி ஆலையில் உலை வேலை பார்த்தவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் ஒரே வகைத் துப்பாக்கிதான் வாங்குவார். எங்கள் ஊர்ப் போலீஸ் 1968-இல் வாங்கி 1989-இல் கழித்துவிட்ட இருபத்துநாலு கைத்துப்பாக்கிகள். ஒன்றைத் தவிர மற்றவை ஒரு வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து ஆறேழு மாநிலங்களுக்குச் சிதறிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வரவழைப்பார். ஓர்வில் புது வேட்டைத் துப்பாக்கி எதையாவது காட்டினால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

"இவன் துப்பாக்கி வாங்கலம்மா, ஓடிப்போன மாட்டப் பிடிச்சுக் கட்டறான்," என்று ஓர்வில் என்னிடம் சொல்வார், வெர்லின் காதில் விழும்படி.

ஒவ்வொன்றுக்கும் வெர்லின் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். துப்பாக்கி செய்த தொழிற்சாலைக்குக் கடிதம் போட்டு, அது எந்தத் தேதியில் எங்கே அனுப்பப்பட்டது என்று பதில் வாங்குவார். பிறகு அதை இடுப்பில் கட்டியிருந்த போலீஸ்காரர் யார், எப்படிப்பட்டவர் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பார். மூன்றாம் எண்ணை வைத்திருந்தவர் அதன் அடிப்பக்கத்தால் வாதுமைக் கொட்டை உடைப்பாராம். பத்தொன்பதாம் எண் ஒரு முறை ஆற்றில் விழுந்து, மூன்று நாள் கழித்துக் காந்தம் கட்டித் தூக்கியதாம். இதையெல்லாம் கிறுக்கலாக எழுதிக்கொண்டு வருவார். நான் நல்ல கையெழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுப்பேன். மற்ற பக்கங்களெல்லாம் ஏழாம் எண்ணின் பக்கத்துக்காகத்தான் எழுதப்படுகின்றன என்பது எனக்குத் தெரியும். ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஏழாம் எண் வெர்லினுடைய அப்பா லெஸ்டருடையது.

1974 பிப்ரவரியில், மூடிக் கிடந்த ஒரு பழைய ஆலைக்குள் இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். நிக் வுகோவிச் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் செம்புக் கம்பியை அறுத்து எடுத்துக்கொண்டு ஓடினான். இருவரும் ஆளுக்கு ஒரு முறை சுட்டார்கள். ஒரு குண்டு அவன் முதுகில் பாய்ந்தது. வானத்தைப் பார்த்துத்தான் சுட்டேன் என்று இருவருமே சொன்னார்கள். ஒருவர் லெஸ்டர் ஸ்டௌட். இன்னொருவர் பன்னிரண்டாம் எண்ணைக் கட்டியிருந்த கார்ல் பிகெட். கார்ல் பிகெட் என் அப்பா.

ஸ்டேஷன் தலைவர் இரண்டு துப்பாக்கிகளையும் ஒரே காகிதப் பையில் போட்டு மாநிலப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார். அங்கே இரும்பில் பொறித்த தொழிற்சாலை எண்ணைப் பார்த்து, 418 என்று முடிகிற துப்பாக்கியின் குண்டுதான் என்று எழுதினார்கள். 1968-இல் வாங்கியபோது போட்ட பட்டியலில் 418-க்கு நேரே ஏழு என்றிருந்தது. ஸ்டேஷன் ஏட்டில் ஏழுக்கு நேரே லெஸ்டரின் கையெழுத்து இருந்தது. விசாரணை அதோடு முடிந்தது. வழக்கு எதுவும் போடவில்லை. லெஸ்டர் வேலைக்குத் திரும்பினார். நிக்கின் அம்மா நஷ்டஈடு கேட்டுத் தனியாக வழக்குப் போட்டதால் 418 மட்டும் நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளாகத் தங்கிவிட்டது.

அதன் பிறகு லெஸ்டர் சில சாயங்காலங்களில் வீட்டுக்குப் பின்னால் போய் நிற்பாராம். வலது கையை, வெறும் கையை, கொட்டகைக் கூரைக்கு மேலே நீட்டுவாராம். தாழ்த்துவாராம். மறுபடி நீட்டுவாராம். அன்று துப்பாக்கியை எவ்வளவு உயரத்தில் பிடித்தோம் என்று பார்ப்பாராம். வெர்லின் சமையலறை ஜன்னலிலிருந்து இதைப் பதின்மூன்று வருஷம் பார்த்தார், லெஸ்டர் சாகும் வரை. என் அப்பா எங்கள் வீட்டில் அப்படி எதுவும் செய்யவில்லை. நன்றாகத் தூங்கினார். 1991-இல் இறந்தார்.

எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரும்பில் எண் பொறித்தால் பிற்பாடு விற்கும்போது விலை குறையும் என்று எங்கள் ஸ்டேஷன் தலைவர் நினைத்தார். அதனால் ஒன்று முதல் இருபத்துநாலு வரை சிறிய பித்தளை எண்களைச் செய்வித்து, பிடியின் மரத்தில் அடித்து வைத்தார். போலீஸ்காரர்கள் கையெழுத்துப் போட்டதெல்லாம் அந்தப் பித்தளை எண்ணைப் பார்த்துத்தான்.

அந்த நாட்களில் வருஷா வருஷம் ஏப்ரல் முதல் சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் துப்பாக்கிகளைச் சுத்தம் செய்வார்கள். நீள மேஜை, காப்பி, டோநட், பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டி. எல்லாப் பிடிகளையும் திருகு கழற்றி ஒரு காப்பித் தகரத்தில் போடுவார்கள். எண்ணெய் விட்டு முடித்ததும் தகரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது சிறுமியான என் வேலை. "எதையாச்சும் குடு கண்ணு, எல்லாம் ஒரே அளவுதான்," என்பார்கள். கையில் வந்ததைக் கொடுப்பேன். அதை மாட்டிக்கொண்டு அவரவர் எண்ணைத் தேடி எடுத்துப் போவார்கள். மரத்தில் ஏழு என்றிருந்தால் அது ஏழு. இரும்பைத் திருப்பிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அது பெரிய விஷயமென்று தெரியாது. தெரிந்த பிறகு வாய் வரவில்லை.

2001-இல் ஒரு நாள் வெர்லின் கடையில் ஒரு பிடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் பிடியின் உள்மரத்தில் துப்பாக்கியின் எண்ணைப் பென்சிலால் எழுதி அனுப்புவார்கள். பென்சில் எண் ஒன்று, இரும்பில் இருந்த எண் வேறொன்று. அவரிடம் அப்போது இருந்த பதினோரு துப்பாக்கிகளில் ஏழு அப்படித்தான் இருந்தன. அவற்றை வாங்கிப் போனவர்கள் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தக் கழுத இப்படி மாத்தி மாத்தி மாட்டிச்சோ."

"நான்தான்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தகரத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே அவர் யோசனை எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப 418 எங்கப்பா கையிலதான் இருந்துச்சுன்னு சொல்ல முடியாது."

"முடியாது."

"நீதிமன்றத்துல மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம் அத யாரும் கழட்டியிருக்க மாட்டாங்க. அன்னைக்கு என்ன பிடி இருந்துச்சோ அதேதான் இருக்கும்."

"ஆமா."

பிடியைத் திருப்பி உள்மரத்தை மறுபடி பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பன்னெண்டா இருக்கணும்னு நான் வேண்டல நோரீன். ஏழா இல்லாம இருந்தா போதும்."

"சுட்டது ரெண்டே பேர்தானே, வெர்லின்."

"தெரியும்," என்றார்.

அன்றிலிருந்து அவர் வேறு மாதிரி ஆகிவிட்டார். நடையில் ஒரு வேகம் வந்தது. நீதிமன்றத்தில் விசாரித்தார். சாட்சிப் பொருள் அறையை 1996-இல் காலி செய்தபோது 418-ஐ ஏலத்தில் விட்டிருந்தார்கள். எடுத்தவர் இறந்துவிட்டார். அவர் மகன் இந்தியானா மாநிலத்தில் ஒரு சந்தையில் விற்றிருந்தான். அதற்குப் பிறகு தடமில்லை. பதினைந்து வருஷம் தேடினார். துப்பாக்கிச் சந்தைகளில் மேஜை மேஜையாகக் குனிந்து எண் பார்த்ததில் முதுகு வளைந்துவிட்டது. மனைவி போனி, பழைய இரும்போடு குடித்தனம் நடத்துகிறேன் என்று சிரித்துச் சொல்வாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். அவர் போன இடத்துக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். ஒரு கடிதத்தையாவது தபாலில் போடாமல் விடலாமா என்று நினைத்ததுண்டு. விடவில்லை. ஆனால் நினைத்ததுண்டு.

அந்த வருஷங்களில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. அப்பா தூங்கிய விதத்தை யோசிப்பேன். குற்றமில்லாதவன் தூக்கமா, பழி மற்றவன் தலையில் விழுந்துவிட்டது என்ற தூக்கமா? நாற்காலியில் வாய் திறந்து தூங்கும் அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, அதில் தேடுவேன். நிக்கின் அம்மா எங்கள் கடைக்குள் வருவதைப் பார்த்தால் பெயிண்ட் அலமாரிக்குப் பின்னால் போய்விடுவேன். 2003-இல் அவளும் இறந்தாள்.

2016 அக்டோபரில் கெண்டக்கியிலிருந்து பார்சல் வந்தது. வந்த துப்பாக்கியை அன்றே ஏட்டில் ஏற்ற வேண்டும் என்பதால் பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தில் எண்ணைப் பார்த்தேன். 418. பிரிக்காமல் வெர்லினுக்குப் போன் செய்தேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். ஓர்வில் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கதவில் ‘கடை மூடியிருக்கிறது’ பலகையை மாட்டிவிட்டு வந்து நின்றார்.

வெர்லின் பெட்டியைத் திறந்து, சுற்றியிருந்த துணியை விலக்கினார். கறுப்புப் பொடி இன்னும் இடுக்குகளில் இருந்தது, கைரேகை எடுக்கத் தூவியது. பிடியின் எண் உள்ள பக்கம் அடியில் கிடந்தது. திருப்ப வேண்டும். அவர் திருப்பவில்லை.

"நீ பாரு," என்றார்.

எனக்குக் கை வரவில்லை. ஓர்வில்தான் திருப்பினார்.

மரத்தில் பித்தளை ஏழு இருந்தது.

வெர்லின் உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்துத் திருப்புளி கேட்டார். பிடியில் இருந்த திருகாணி துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றினார். உள்மரத்தில் பென்சிலில் 418. தொழிற்சாலையில் மாட்டிய அதே மரம், அதே இரும்பு. ஆறு ஏப்ரல் மாதங்கள் அது தகரத்துக்குள் போயிருக்கிறது. ஆறு முறையும் யாரோ கையால், அநேகமாக என் கையால், தன் இடத்துக்கே வந்திருக்கிறது.

"பதினஞ்சு மாறியிருக்கு," என்றார் வெர்லின். "இது மாறல."

ஓர்வில் தன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் என் தோள் தானாக இறங்கியது. பெருமூச்சுக்கூட வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. வெர்லின் அதைப் பார்த்தார்.

"உங்கப்பா பொழச்சாரு," என்றார். குத்திச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் வலிக்கிறது.

"வெர்லின், நான் அன்னைக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"எங்கப்பா பொய் சொல்லல. மேல பாத்துதான் சுட்டாரு. உசரம் பத்தல." பிடியை மறுபடி மாட்டினார். திருகாணியை முழுக்க இறுக்கவில்லை. "இத என்னால வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. போனிகிட்ட என்ன சொல்றது."

திருப்பி அனுப்பலாமா என்று ஓர்வில் கேட்டார். கூடாது என்றார் வெர்லின். வேறு யாரோ வாங்கி, மரத்தை எடுத்துவிட்டு ரப்பரை மாட்டி, தகர டப்பாவைச் சுட்டுப் பழகுவான் என்றார். அறுத்துப் போடலாமே என்று நான் கேட்டேன். அதற்கும் அவர் மனம் ஒப்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். வெளியே யாரோ கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் ஒரு படிவத்தை எடுத்து என் பெயரை எழுதினேன். ஓர்வில் போன் போட்டு அனுமதி கேட்டார். அத்தனை வருஷத்தில் அந்தப் படிவத்தை எனக்காக நிரப்பியது அதுதான் முதல் தடவை.

ஏழாம் பக்கத்தை அந்த வாரமே வெர்லின் கொண்டுவந்தார். மற்றப் பக்கங்களில் போலீஸ்காரரின் பெயர் முதலில் வரும். இதில் முதலில் நிக் வுகோவிச், இருபத்திரண்டு வயது, கண்ணாடி ஆலையில் முன்பு வேலை பார்த்தவன், அக்கார்டியன் வாசிப்பான் என்று எழுதியிருந்தார். அவனைப் பற்றி யாரிடம் போய்க் கேட்டார் என்று சொல்லவில்லை. அதன் கீழே அப்பாவின் பெயர். நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் பெயர்த்து எழுதினேன்.

வெர்லினுக்கு இப்போது எழுபது வயது. அவரிடம் பத்தொன்பது துப்பாக்கிகள் இருக்கின்றன. மீதி நான்கைத் தேடுவதில்லை. 418 என் வீட்டில், படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை எங்கே வைத்திருக்கிறேன் என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நான் சரியாகத் தூங்குவதில்லை.